போலியோ ஒழிந்த நாட்டில் சொட்டு மருந்து எதற்கு?

ஞாயிறன்று சொட்டு மருந்து முகாம். திருவல்லிக்கேணியிலிருந்து வந்த கடிதங்களின் சாரம் இது: "கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தவுடனே போட்டாச்சு. ஊசியும் ஆச்சு. போலியோதான் ஒழிந்துவிட்டதே, மறுபடி எதற்கு?"

ஒழிந்தது எது? 2014 மார்ச் 27இல் கிடைத்த சான்றிதழ், இயற்கையாகப் பரவும் வைரஸ் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. தடுப்பு மருந்திலிருந்து கிளம்பும் வைரஸ் அந்தக் கணக்கில் சேராது. 2024இல் மேகாலயக் குழந்தை ஒன்றுக்கு வந்தது அந்த ரகம்தான். 'இயற்கை வைரஸ் அல்ல' என்று விளக்கம் வந்தது. பெற்றவர்களுக்கு அதில் என்ன ஆறுதல்?

மருந்திலிருந்து வைரஸ் கிளம்புவது எப்படி? சொட்டில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். குழந்தையின் குடலில் பெருகி, அங்கேயே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். மலத்தோடு வெளியேறி, ஒண்டுக்குடித்தனத்தில் கழிப்பறையைப் பகிரும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தொற்றும். முகாமுக்கே வராத பிள்ளைக்கும் ஓசியில் தடுப்பு. ஊசியில் இருப்பதோ செத்த வைரஸ். அது நரம்பைக் காக்கும்; குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது.

வில்லங்கமும் அதே வழியில்தான். சொட்டு போடாதவர்கள் அதிகமுள்ள இடத்தில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் ஆள்விட்டு ஆள் தாவும். பெருகப் பெருக மாறும். இழந்த வீரியம் திரும்பிவிடலாம். போலியோ வைரஸின் மூன்று வகைகளில், இதில் பெரும்பங்கு 2ஆம் வகைக்கு. இயற்கையில் அந்த வகை கடைசியாகத் தென்பட்டது 1999இல், அலிகாரில். அதனால் 2016 ஏப்ரல் 25இல் இந்தியச் சொட்டு மருந்திலிருந்து அதை நீக்கினார்கள். மற்ற இரண்டு வகைகளும் சொட்டில் தொடர்கின்றன. அவை கைமாறிப் பரவ இடம் தராமலிருக்க ஒரே வழி, ஒரு பிள்ளையும் விடுபடாமல் போடுவது.

எல்லோருக்கும் ஒரே நாளில் ஏன்? மேலைநாட்டுத் தவணைக் கணக்கு நம் குழந்தைகளிடம் பலிக்கவில்லை என்று கண்டவர் வேலூர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஒருசேரக் கொடுத்து வேலூரில் கண்ட பலனை அவர் குழு 1983இல் வெளியிட்டது. அது தேசியத் திட்டமாக 1995 ஆகிவிட்டது.

போன வாரம்தான் போட்டோமே? மறுபடி போடலாம்.

சளி, லேசான காய்ச்சல்? தடையில்லை.

ஐந்து வயது முடிந்துவிட்டதா? வேண்டாம்.

மருந்து கெட்டிருந்தால்? குப்பியில் வட்டத்துக்குள் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் நல்ல மருந்து. நிறம் ஒன்றாகிவிட்டால், வேறு குப்பி கேளுங்கள்.

விரலில் மை எதற்கு? விடுபட்டவர்களைத் தேடி வீடு வீடாக வருபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.