துண்டுக்குள்ள ஒரு டீலிங்!

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேருக்குப் போனவங்களுக்குத் தெரியும், கூட்டம் சாமிக்கு மட்டுமில்லீங்க, சந்தைக்கும்தான். குதிரை, மாடுன்னு களைகட்டும். மாட்டுச் சந்தையில பழைய ஸ்டைல் வியாபாரம் பார்த்திருக்கீங்களா? வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டாங்க. தரகர் கையைத் துண்டால மூடி, விரலைப் பிடிச்சே பேசி முடிச்சிடுவார். ரெண்டு விரல்னா ரெண்டாயிரமா, இருபதாயிரமா? அது ரெண்டு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா வியாபாரம் கோவிந்தா!

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க இதைத்தான் 'ஸ்கீமா'ங்கறாங்க. எந்தத் தகவல், எந்த இடத்துல, எந்த வடிவத்துல வரணும்கிற ஒப்பந்தம்.

நீங்க பேக்கரியில ஸ்கேன் பண்ற யு.பி.ஐ.யும் இதே கதைதான். 2016-ல வந்த இதுக்குத் தரகர், என்.பி.சி.ஐ. நிறுவனம். 100 பேங்க் ஒண்ணுக்கொண்ணு நேரடியாப் பேசணும்னா 4,950 ஜோடி, ஜோடிக்கொரு ஒப்பந்தம். நடுவுல ஒருத்தர் உட்கார்ந்தா 100 இணைப்பு போதும்!

தொகையை எழுதற அழகைப் பாருங்க. ஏ.டி.எம். காலத்து ஐ.எஸ்.ஓ. 8583 முறையில மொத்தம் 12 இலக்கம், புள்ளியே கிடையாது. 450 ரூபாய்னா 000000045000. கடைசி ரெண்டும் பைசா. யு.பி.ஐ. செய்தியில அதே தொகை 450.00. யாராவது மாத்திப் படிச்சா, பரோட்டா பில் 45,000!

தரகர் விதியை மாத்தினா எல்லாரும் மாறியாகணும். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் ஒரு ஐ.டி. உண்டு, 35 எழுத்துல. அதுல எழுத்தும் எண்ணும் தவிர வேற ஸ்பெஷல் குறியீடு இருந்தா 2025 பிப்ரவரி 1 முதல் நிராகரிப்புன்னு என்.பி.சி.ஐ. அறிவிச்சது. அக்கவுன்ட்ல காசு இருக்கு, பின் நம்பரும் சரி... ஆனா ஆப் போட்ட ஒரு சின்னக் கோட்டால பேமென்ட் ஃபெயில்! அநியாயமாத் தெரியலாம். ஆளாளுக்கு இஷ்டத்துக்கு விரலைப் பிடிச்சா தரகர்தான் என்ன பண்ணுவார் பாவம்?

ஒரே தரகர்ங்கறதுல வில்லங்கமும் உண்டு. 2025 ஏப்ரல் 12-ல 'அந்தப் பணம் போச்சா, போச்சா?'ன்னு சில பேங்க் சிஸ்டங்கள் மாத்தி மாத்திக் கேட்டதுல நடு மையமே திணறி, நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறிடுச்சு. ஆகஸ்ட் 1 முதல், ஒரு ஆப்ல நாளுக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பார்க்கலாம்னு கட்டுப்பாடே வந்தது.

சரி, காசு நடுவழியில நின்னா? 2019 ரிசர்வ் பேங்க் விதிப்படி, ஃப்ரெண்டுக்கு அனுப்பினது போய்ச் சேரலேன்னா மறுநாளுக்குள்ள தானாத் திரும்பி வரணும். கடைக்காரருக்குன்னா 5 நாள். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு! புகார் பண்ணப் போனா 12 இலக்க யு.டி.ஆர். நம்பர் கேட்பாங்க, எஸ்.எம்.எஸ்.ஸை அழிச்சுடாதீங்க.