காணி உறுதியை ஈடு வைக்கும் முன்

கல்லடியில் வாவிக்கரை வீட்டுக்கார அக்கா ஒருவர் மகனுக்கு வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். பிரித்தானியாவில் 'இயந்திரப் பொறியியலும் வணிகமும்' முதுமாணி. "காணியை ஈடு வைக்கலாமா தம்பி?" என்று கேட்டார். நான் ஊடகக் கற்கை படித்தவன். விசாரித்துத்தான் பதில் சொன்னேன்.

வாழைச்சேனை கடதாசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் வைக்கோலை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கியது. போரும் நட்டமும் சேர்ந்து முடக்கிப்போட, 2021இல் கழிவுக் கடதாசியோடு மீண்டும் இயங்கியது. அங்கே ஓர் உருளை தேய்ந்தால் திருத்துவதா, புதிதாக வாங்குவதா? வாங்கினால் எத்தனை தொன் விற்றால் காசு மீளும்? இரண்டுக்கும் ஒரே ஆள் விடை சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு அதற்குத்தான்.

ஆனால் பெயரை மட்டும் நம்பக்கூடாது. பிரித்தானிய முதுமாணி பெரும்பாலும் ஒரு வருடம், 180 கிரெடிட். அதில் பொறியியல் எத்தனை, வணிகம் எத்தனை என்று பாடப்பட்டியலை எண்ணிப் பாருங்கள். அந்நாட்டு இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்பதையும் எழுதிக் கேளுங்கள். பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர் 2024 ஜனவரி முதல் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. முகவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

மகன் ஒலுவிலில் இயந்திரப் பொறியியல் முடித்தவர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2012இலிருந்து பொறியியல் பீடம் இருக்கிறது. இரண்டொரு வருடம் ஆலையொன்றில் வேலை செய்துவிட்டு, மொறட்டுவையில் தொழில்நுட்ப முகாமைத்துவ எம்.பி.ஏ.யைச் சம்பளத்தோடு படிக்கலாம் என்றேன்.

அக்கா உறுதியை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். மகன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.