தானாகப் புழு வருமா?

கருவாட்டுச் சட்டியைத் திறந்தால் புழு நெளிகிறது. அரிசிப் பானையில் வண்டு ஊர்கிறது. "தானாக வந்துவிட்டது" என்பார்கள். மூணாறு தோட்டத்து லயத்திலும் இந்தப் பேச்சு உண்டு. கொழிஞ்சாம்பாறைக் களத்துமேட்டிலும் உண்டு. பழங்காலத்தில் பெரிய அறிஞர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்.

உயிர் இல்லாத பொருளிலிருந்து உயிர் தோன்றுவதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் உண்டு. அது அபயோஜெனிசிஸ். நீளமான சொல். பிரித்துப் படித்தால் எளிது.

அ – இல்லாத
பயோஸ் – உயிர்
ஜெனிசிஸ் – பிறப்பு

இவை கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஆனாலும் காதுக்குப் புதியவை அல்ல. நீதி இல்லாதது அநீதி. அங்கும் முன்னால் 'அ' நிற்கிறது. ஜீவன், ஜனனம் என்ற வடமொழிச் சொற்கள் பயோஸ், ஜெனிசிஸ் ஆகியவற்றின் உறவுச் சொற்களே. சாண எரிவாயுவை பயோகேஸ் என்பார்கள். அந்த 'பயோ'வும் இதுதான்.

புழு எப்படி வந்தது?

இத்தாலி நாட்டு மருத்துவர் ரெடி இதைச் சோதித்தார். ஜாடிகளில் இறைச்சியைப் போட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றைத் துணியால் மூடினார். திறந்த ஜாடியில் ஈ மொய்த்தது. இறைச்சியில் புழு வந்தது. மூடிய ஜாடியின் இறைச்சியில் புழு இல்லை. ஈ இட்ட முட்டைதான் புழுவாகிறது! இதை 1668-இல் ரெடி வெளியிட்டார்.

சுமார் 200 ஆண்டுகள் கழித்து, பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்றிலுள்ள தூசி அதில் விழாமல் தடுத்தார். சாறு கெடவில்லை. தூசி விழுந்ததும் கெட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமியும் தானாகப் பிறப்பதில்லை என்பது தெரிந்தது.

முதல் உயிர் எப்படி வந்தது?

ரஷ்யாவின் ஓபரின் 1924-இலும், இங்கிலாந்தின் ஹால்டேன் 1929-இலும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஆதிக் கடல் பல பொருள்கள் கலந்த ரசம் போல இருந்தது. அவை சேர்ந்து, மெல்ல மெல்ல முதல் உயிர் உண்டானது என்றார்கள். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்தார். இந்தியக் குடிமகன் ஆனார். 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

அமெரிக்காவின் மில்லர் 1953-இல் சில வாயுக்களையும் நீராவியையும் ஒரு குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். உயிருக்கு வேண்டிய சில பொருள்கள் கிடைத்தன. உயிர் கிடைக்கவில்லை. இன்றுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கவில்லை.

முதல் உயிர் உண்டாக மிக நீண்ட காலம் ஆகியிருக்கலாம். அடுப்படியில் ஓர் இரவில் அது நடக்காது. குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கும் தானாக வருவதில்லை. ஈயும் அசுத்த நீரும் கிருமியைக் கொண்டுவருகின்றன.

சோற்றை மூடி வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிருமி வரும் வழியை அடையுங்கள்.