கார்-டி செல் சிகிச்சை: முதற்கட்ட ஆய்வு எதைத் தேடுகிறது?

பரிசோதனை அறிக்கையில் ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்று கண்டதும் பல குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 மிகைப்பு ஆகிய மூன்றும் காணப்படாத மார்பகப் புற்றுநோய் இது. எனவே ஹார்மோன் மாத்திரைகளோ டிராஸ்டுசுமாப் ஊசியோ இதற்குப் பயன்படுவதில்லை. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, சிலருக்கு இம்யூனோதெரபி போன்றவை இன்று கைகொடுக்கின்றன. இந்நிலையில், “கார்-டி செல் சிகிச்சை எங்களுக்குக் கிடைக்குமா?” என்று கேட்பவர்கள் பலர்.

சிகிச்சையின் அடிப்படை

நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. புற்றணுவின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும் திறன், மரபணு மாற்றத்தால் அவற்றுக்கு அளிக்கப்படுகிறது. பின்னர் அவை பெருக்கப்பட்டு உடலுக்குள் செலுத்தப்படுகின்றன. இரத்தப் புற்றுநோய்க்கான முதல் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் உருவான ஒரு கார்-டி சிகிச்சையும் 2023இல் ஒப்புதல் பெற்றது. அதுவும் இரத்தப் புற்றுநோய்களுக்கே.

மார்பகக் கட்டியில் ஏன் கடினம்?

கட்டியில் உள்ள புரதம் நலமான உறுப்புகளிலும் சிறிதளவு இருக்கலாம். ஹெர்-2 புரதத்தை இலக்காகக் கொண்ட சுமார் 1,000 கோடி செல்களைப் பெற்ற பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவர், சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறலுக்கு உள்ளாகி, சில நாள்களில் உயிரிழந்தார். 2010இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனை வெளியிட்டனர். நுரையீரலில் சிறிதளவே இருந்த ஹெர்-2வையும் அச்செல்கள் தாக்கியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

ஆகவே பின்வந்த ஆய்வுகள் மிகுந்த எச்சரிக்கையுடன் அமைந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உடைய 6 பேர் பங்கேற்றனர். சி-மெட் புரதத்தைத் தேடும் செல்கள் நேரடியாகக் கட்டிக்குள்ளேயே செலுத்தப்பட்டன. புதிய திறன் தற்காலிகமாகவே நீடிக்குமாறு அச்செல்கள் அமைக்கப்பட்டிருந்தன. கடுமையான பக்கவிளைவு எவருக்கும் ஏற்படவில்லை. அகற்றிச் சோதித்த கட்டிகளில், ஊசி செலுத்திய இடத்தில் திசுக்கள் மடிந்திருந்தன. இது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் நோய் குணமானதற்கான சான்று அன்று.

நீங்கள் அறிய வேண்டியவை

முதற்கட்ட ஆய்வின் தலையாய கேள்வி, “இது பாதுகாப்பானதா, எந்த அளவில் தரலாம்?” என்பதே. பயனுக்கு உறுதி இல்லை. எனவே ஆய்வை எதிர்பார்த்து, பயன் நிறுவப்பட்ட சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆய்வில் சேர அழைக்கப்பட்டால் இவற்றைக் கேளுங்கள்:

• இது எந்தக் கட்ட ஆய்வு? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன?
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா?
• கடும் காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, குழப்பம் போன்றவை தோன்றினால் உடனே யாரை அழைப்பது?
• ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்?

எந்நிலையிலும் ஆய்விலிருந்து விலக உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாருடன் படித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.