பொறி எங்கே விழுகிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லிட்டில் இந்தியாவுக்குள் நடந்து பாருங்கள். லெபோ பாசாரில் ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு காதில் விழும். அந்த நெரிசலில்தான் என் படிவம் நான்கு மாணவன் ஒருவன் என்னை வழிமறித்தான். அவன் கைப்பேசியில் ஒரு காணொளி. யாரோ பிளாஸ்டிக் குழாயில் செய்த பீரங்கியிலிருந்து உருளைக்கிழங்கு ஒன்று பாய்ந்து, திடலின் மறுபக்கம் போய் விழுகிறது.

“டீச்சர், பொறியை அறையின் ஓரத்தில் வைக்கிறது நல்லதா, நடுவில் வைக்கிறது நல்லதா?”

“அதையெல்லாம் செய்யாதே” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எஞ்சின் வடிவமைப்பாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி அது. அதன் விடையைப் புரிந்துகொண்டால், ஏன் செய்யக்கூடாது என்பதும் சேர்ந்தே புரியும்.

லெபோ பினாங்கு வழியாகக் கடற்பக்கம் நடந்தால் சற்று நேரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை வந்துவிடும். அங்கே ‘ஸ்ரீ ரம்பாய்’ என்ற வெண்கலப் பீரங்கி இருக்கிறது. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871இல் ஆங்கிலேயரிடம் சிக்கிப் பினாங்குக்கு வந்தது. இந்த வகைப் பீரங்கிகளில் தீ வைக்கும் சிறு துளை பின்பக்கத்தில் இருக்கும். காரணம் எளிது, மருந்து இருப்பது அங்கேதான். வெடிமருந்தில் உள்ள வெடியுப்பு, எரிவதற்கான ஆக்சிஜனைத் தானே தருகிறது.

வாயு அப்படியல்ல. அது காற்றோடு கலந்து அறை முழுவதும் பரவி நிற்கும். அதனால் ‘தீயை எங்கே தொடங்குவது’ என்பது உண்மையான கேள்வியாகிவிடுகிறது.

பொறி விழுந்ததும் அறை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. முதலில் ஒரு சிறு தீப்பந்து உருவாகிறது. அதன் மேற்பரப்பு மட்டுமே எரிகிறது. பக்கத்தில் உள்ள வாயுவைச் சூடாக்கிப் பற்றவைத்தபடி அது வெளிநோக்கி நகர்கிறது. அசைவற்ற காற்றில் கலந்த சமையல் வாயுவை இந்தத் தீ முகப்பு நொடிக்கு ஏறக்குறைய 40 செ.மீ. வேகத்தில்தான் தின்னும். நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு! ஆனால் எரிந்து முடிந்த வாயு சூட்டில் ஏழெட்டு மடங்கு விரிந்து, தீ முகப்பைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் நம் கண்ணுக்குத் தீ மிக வேகமாகப் பாய்வதுபோல் தெரியும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. கோளத்தின் கன அளவு ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்று படித்திருப்பீர்கள். உருண்டையான ஓர் அறையின் நடுவில் தொடங்கிய தீ, சுவருக்குப் பாதித் தூரம் வந்துவிட்டது என்று வையுங்கள். அறையில் எவ்வளவு பகுதியை அது நிரப்பியிருக்கும்? பாதி அல்ல, எட்டில் ஒரு பங்குதான். மீதி எட்டில் ஏழு பங்கும் கடைசிப் பாதித் தூரத்தில் எரிகிறது. அழுத்தம் முதலில் மெல்ல ஏறி, முடிவில் திடீரென்று பாய்வது இதனால்தான்.

இப்போது உங்கள் வீட்டு மோட்டாருக்கு வாருங்கள். ஹோண்டா இஎக்ஸ்5இன் சிலிண்டர் 50 மி.மீ. விட்டம் கொண்டது. மேலே இரண்டு வால்வுகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஸ்பார்க் பிளக் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. யமாஹா ஒய்15இல் நான்கு வால்வுகள். அவற்றுக்கு நடுவே பிளக்குக்கு இடம் கிடைத்துவிடுகிறது. எஞ்சினுக்குள் வாயு சுழன்று கலங்குவதால் தீ மிக வேகமாக ஓடும். நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் தொடங்கி 50 மி.மீ. கடக்க 2.5 மில்லிநொடி. நடுவில் தொடங்கினால் 25 மி.மீ.தான், அதாவது 1.25 மில்லிநொடி. ‘இது ஒரு வித்தியாசமா’ என்று கேட்காதீர்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிநொடிதான். 2.5 மில்லிநொடிக்குள் கிராங்க் 45 பாகை திரும்பிவிடும். அதற்குள் எரிந்து முடிக்காத தீ, இறங்கிப்போகும் பிஸ்டனைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மொடெனாஸ் பல்சர் என்எஸ்200இல் ஒரே சிலிண்டருக்கு மூன்று பிளக்குகள். மூன்று இடத்தில் தொடங்கும் தீ ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் போனால் போதும்.

ஆக, என் மாணவனுக்கு விடை: நடுவில் தொடங்கும் தீ சீக்கிரம் முடிகிறது, அழுத்தம் வேகமாக ஏறுகிறது. ஓரத்தில் தொடங்கினால், எரிந்து முடிவதற்குள் கிழங்கு நகர்ந்துவிடும். விசையில் ஒரு பகுதி வீணாகும்.

“அப்படியென்றால் நடுதான் நல்லது!” என்றான்.

யாருக்கு நல்லது? எஞ்சினில் அந்த அழுத்தத்தைத் தாங்கத் தடித்த உலோகம் இருக்கிறது. எப்போது பொறி விழ வேண்டும் என்பதையும் கருவிதான் தீர்மானிக்கிறது. காணொளியில் இருந்ததோ தண்ணீர்க் குழாய். மூடிய அறையில் வாயு சரியான அளவில் கலந்து எரிந்தால், அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ‘குழாயே அவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கிறதே’ என்று சிலர் வாதிடுவார்கள். அது தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் அமுங்காது, குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீறிடும், அழுத்தம் இறங்கிவிடும். அமுங்கிய வாயுவோ இறுக்கிய ஸ்பிரிங் மாதிரி. விரிசல் விட்டால் குழாயே சில்லுச் சில்லாகப் பறக்கும்.

நீண்ட குழாயில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு முனையில் தொடங்கிய தீ, ஓட ஓடக் கசங்கி, மேற்பரப்பு பெருகி, மேலும் வேகம் பிடிக்கும். 1881இல் பிரான்சில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் குழாய்களில் அளந்தன. ஒரு கட்டத்தில் தீ, ஒலியையும் மிஞ்சும் அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது என்று கண்டார்கள். வேதியியலில் சமநிலைக் கோட்பாட்டுக்குப் பெயர் தந்த லெ ஷாட்டெலியே அவர்களில் ஒருவர். கார்பைடிலிருந்து வரும் அசிட்டிலின் இப்படி மாறுவதில் முன்னணியில் நிற்கும் வாயு.

அசிட்டிலின் என்றதும் சொல்லியாக வேண்டும். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயால் செய்த ‘கார்பைடு துப்பாக்கி’ பரவியது. சில நாள்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்தோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போனது. இத்தகைய குழாய்களில் விபத்து நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். பொறி விழுந்தும் வெடிக்காது. ஏனென்றால் பொறி இருக்கும் இடத்தில் வாயு மிஞ்சி, காற்று குறைவாக இருந்திருக்கும். ‘என்ன ஆச்சு’ என்று குனிந்து பார்க்கும்போது காற்று உள்ளே புகுந்து கலவை சரியாகிவிடும். அப்போது ஒரு பொறி போதும். பொறியை எங்கே வைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் அந்த நொடியில் என்ன கலவை இருந்தது என்பது தெரியாது. கார்பைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகவும் மாறும் என்பதால் கண்ணுக்குத் தீக்காயத்தோடு காரப்புண்ணும் சேர்கிறது. அப்படி யாருக்காவது நேர்ந்தால் கண்ணைத் தேய்க்கவிடாமல், உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சரி, ஓரமா நடுவா என்பதை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டோமினோ கட்டைகள் அறுபதை ஒரே இடைவெளியில் வரிசையாக நிறுத்துங்கள். முதலில் ஒரு முனையிலிருந்து தட்டிவிட்டு, கடைசிக் கட்டை விழும்வரை கைப்பேசியில் நேரம் பாருங்கள். பிறகு மீண்டும் அடுக்கி, நடுவில் இருக்கும் இரண்டையும் இரு விரல்களால் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் தள்ளுங்கள். என் மாணவன் இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஐந்து முறை செய்தான். நடுவில் தொடங்கியபோது நேரம் சரியாகப் பாதியாகவில்லை, பாதியைவிடச் சற்றே கூடுதல். தட்டிவிட்டதும் முதல் சில கட்டைகள் மெதுவாகத்தான் விழுகின்றன என்பதைக் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். இப்போது பல்சரைப்போல் மூன்று இடங்களில் தொடங்கிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஆறு விரல்கள் ஒரே நேரத்தில் வேண்டும் என்று நண்பர்கள் இருவரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.