பாறையேறும் மாதிரி வண்டி

வண்டியென்றவுடன் விரைவே பலர்க்கும் நினைவிற்கு வருகின்றது. ஒரு வண்டியைச் சிறந்ததென்பார் அதன் விரைவையே முதற்கண் எடுத்துரைப்பர். ஆயின், விரைவை வேண்டாது ஊர்தலையே தன் சிறப்பாகக் கொண்ட வண்டி வகையொன்றும் உண்டு. ஒரு சில்லு அந்தரத்தில் நிற்கவும் மற்றொரு சில்லு பள்ளத்தில் அமிழவும், கற்பாறைகளின்மேற் கவிழாது மெல்ல ஏறிச்செல்வது அதன் தொழில். அவ்வகை வண்டியைப் பத்திலொரு பங்காகச் சுருக்கி, வானொலி அலையால் எட்ட நின்று செலுத்துமாறு, பகுதி பகுதியாகத் தம் கையாலேயே அமைப்பது இன்று பல நாடுகளிற் பயிலப்படும் கைவினையாகும். ஆங்கிலத்தில் ‘ரொக் குறோலர்’ என வழங்கும் இதனைத் தமிழிற் பாறையேறி எனலாம். அதனை அமைக்கும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையான பௌதிக நியதிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கம்பித் தொடர்பின்றி ஒரு கலத்தைத் தூரத்திலிருந்து இயக்கலாமென்பதை 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே நிக்கொலா தெஸ்லா ஒரு சிறு படகினாற் செய்து காட்டினார். நாற்சில்லாலும் இயங்கும் மாதிரி வண்டிகளை வளர்த்தவருள் யப்பானியத் தமியா நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் 1981இல் வெளியிட்ட தொயோத்தா வண்டி, உலோகச் சட்டகம், வில்லுத்தகடுகள், மூன்றுபடிப் பற்சில்லுப் பெட்டி என்பவற்றை உண்மை வண்டியைப் போலவே கொண்டிருந்தது. 1987இல் வந்த ‘குளொட் பஸ்ரர்’ என்னும் வண்டியில் ஒவ்வோர் அச்சிற்கும் ஒரு மோட்டர் பூட்டப்பட்டிருந்தது. அவ்வச்சுக்களைக் கழற்றித் தாம் வளைத்த சட்டகங்களிற் பொருத்தியே தொடக்ககாலப் பாறையேறிகள் பலவற்றை ஆர்வலர் அமைத்தனர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள றூபிக்கன் தடம் போன்ற பாறை வழிகளில் மக்கள் உண்மை வண்டிகளைச் செலுத்திப் பெற்ற அனுபவமே இம்மாதிரிகட்கும் வழிகாட்டியாயிற்று.

அமைப்பவர் முதலில் துணியவேண்டியது அளவு. 1983இல் வெளிவந்த லாண்ட் றோவர் 110 என்பதை எடுத்துக்கொள்வோம். முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடைப்பட்ட தூரம் 110 அங்குலமாதலின் அதற்கு அப்பெயர் வாய்த்தது. அத்தூரம் 2,794 மில்லிமீற்றர். பத்திலொன்றாகச் சுருக்கின் 279 மில்லிமீற்றராகும். ஏறக்குறைய 800 மில்லிமீற்றர் விட்டமுள்ள அதன் ரயர், மாதிரியில் 80 மில்லிமீற்றராதல் வேண்டும். ஆனால், 80 மில்லிமீற்றர் ரயர் ஏறமுடியாத பாறையை 110 மில்லிமீற்றர் ரயர் எளிதில் ஏறிவிடும். ஆகவே, அளவிற் பிழையாத வண்டி பாறையில் நின்றுவிடுகின்றது; பாறையை வெல்லும் வண்டி அளவிற் பிழைத்துவிடுகின்றது. உருவொப்புமையும் ஏறும் ஆற்றலும் ஒன்றையொன்று நெருக்கும் இந்நிலையே இக்கைவினையின் மையச் சிக்கலாகும். பின்வரும் ஒவ்வொரு படியிலும் இது தோன்றுதல் காண்க.

நீளம் பத்திலொன்றானாற் பரப்பு நூற்றிலொன்றும், கனவளவு ஆயிரத்திலொன்றும் ஆகும். அதனால், 2,000 கிலோகிராம் திணிவுள்ள வண்டியின் மாதிரி, அதே பொருள்களால் அதே விகிதத்திற் செய்யப்படின், 2 கிலோகிராமே இருக்கும். காலத்தின் கணக்கோ வேறு. பொருத்தமாகச் சுருக்கிய உயரத்திலிருந்து விழும் பொருள், பத்தின் வர்க்கமூலமாகிய 3.16இல் ஒரு பங்கு நேரத்தில் நிலத்தையடையும். புவியீர்ப்பு நமக்காகச் சுருங்குவதில்லையன்றோ? ஆதலாற்றான் விரைந்து செல்லும் மாதிரிகள் தத்தித் துள்ளி விளையாட்டுப் பொருள்போலத் தோற்றுகின்றன. மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்திற் பாறையேறும் உண்மை வண்டியின் சாயல் மாதிரிக்கு வரவேண்டுமாயின், அது மணிக்கு 1 கிலோமீற்றர் அளவிலேயே ஊர்தல் வேண்டும். மெதுவாகச் செல்லுதல் இங்கே வலிமைக்கு மட்டுமன்றி அழகிற்கும் காரணமாகின்றது.

இனி, வலுவைச் செலுத்தும் பகுதியை நோக்குவாம். சிறு மின்மோட்டர் மிக விரைந்து சுழலும். ஆயின் அதன் முறுக்கம் சிறிது. பற்சில்லுகளால் வேகத்தைக் குறைக்குந்தோறும் முறுக்கம் பெருகும். மோட்டரின் சிறு பற்சில்லு 15 பற்களையும், அதனால் இயங்கும் பெரிய பற்சில்லு 60 பற்களையும் உடையனவாயின் அவ்விகிதம் 4. நடுப்பெட்டியில் 3, அச்சில் 3 எனக் கொண்டால் மொத்த விகிதம் 36 ஆகும். நிமிடத்திற்கு 9,000 முறை சுழலும் மோட்டர் சில்லை 250 முறையே சுழற்றும். 110 மில்லிமீற்றர் ரயருக்கு இது மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர். அஃதாவது மனிதன் நடக்கும் வேகம். அதற்கு ஈடாக, உராய்வால் இழப்பது நீங்கலாக, முறுக்கம் 36 மடங்காகின்றது. 2003இல் வந்த ஜீப் றூபிக்கன் வண்டியிலும் இவ்வாறே 4 மடங்கு வேகங் குறைக்கும் பற்சில்லுத் தொகுதி வைக்கப்பட்டது.

பெற்ற முறுக்கம் சில்லுகளைச் சென்றடைதலும் வேண்டும். வீதியில் ஓடும் வண்டியில், திருப்பங்களிற் புறச்சில்லு கூடுதலாகச் சுழல இடந்தரும் டிபரென்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதி உண்டு. அஃது இரு சில்லுகட்கும் சம முறுக்கத்தையே பகிரும். ஒரு சில்லு பாறையின்மேல் அந்தரத்தில் நின்றால் அது வீணே சுழலும். அதற்கு வேண்டிய முறுக்கம் மிகச் சிறிதாதலின், நிலத்திலூன்றிய மறுசில்லுக்கும் அச்சிறிதளவே கிடைக்கும். இக்குறையை நீக்கவே பாறையேறிகளில் ஈரச்சுக்களிலும் இருபுறச் சில்லுகளை ஒன்றாகப் பிணைத்துவிடுகின்றனர். இதற்குரிய விலை, வண்டி திரும்புவதற்குப் பெரிய வட்டம் வேண்டியிருத்தலும், திரும்புங்கால் ரயர்கள் நிலத்தில் உரைதலுமாம். 2017இல் வெளிவந்த றக்ஸஸ் நிறுவனத்தின் மாதிரியொன்றில் இப்பிணைப்பை எட்ட நின்றே பூட்டவும் திறக்கவும் வழி செய்யப்பட்டது.

அடுத்தது நிலைபேறு. சரிவிற் குறுக்காக நிற்கும் வண்டி எக்கோணத்திற் கவிழுமென்பதை, அதன் அகலத்தின் பாதியும் புவியீர்ப்பு மையத்தின் உயரமும் தீர்மானிக்கின்றன. ரயர்களின் வெளிவிளிம்புகளுக்கிடையே 180 மில்லிமீற்றர் அகலமும், 3 கிலோகிராம் திணிவும் உள்ள வண்டியொன்றின் மையம் 90 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வில்லுகளின் அசைவை நீக்கிக் கணித்தால் அது 45 பாகைச் சரிவிற் கவிழும். இப்பொழுது, உண்மை வண்டியைப்போலத் தோற்றவேண்டுமென்று, 240 மில்லிமீற்றர் உயரத்திற் கூரைமேல் 150 கிராம் திணிவுள்ள சாமான் தட்டொன்றைப் பொருத்துகின்றோம். மையம் ஏறக்குறைய 97 மில்லிமீற்றருக்கு உயரும். கவிழுங்கோணம் 43 பாகைக்குட் சுருங்கும். மையத்தை மீண்டும் பழைய இடத்திற்குக் கொணர, சில்லுகளின் நடுவுயரமாகிய 55 மில்லிமீற்றரில் ஏறக்குறைய 640 கிராம் பித்தளையைச் சேர்த்தல் வேண்டும். ஓர் அலங்காரத்தின் நிறைக்கு நான்கு மடங்கிற்கு மேற்பட்ட ஈடு! அப்பித்தளையையும் ஒவ்வோர் ஏற்றத்திலும் மோட்டரே சுமக்கவேண்டும். எனவே, தேர்ந்தவர் கூரையை மெல்லிய பிளாத்திக்குத் தகட்டாற் செய்து, உட்புறத்துக் கண்ணுக்குப் படாத பகுதிகளை விட்டுவிடுவர். மின்கலவடுக்கைத் தாழ்வாகவும் முன்னச்சிற்கு அணித்தாகவும் வைப்பர். ஏறும்பொழுது பாரம் பின்னச்சிற் சாருமாதலின், முற்புறம் சற்றே கனத்திருப்பின் முன்சில்லுகள் பாறையை விட்டெழா.

சட்டகம் உருக்குப் பாளங்களால் ஏணிபோல் அமைக்கப்படும். அச்சுக்களைச் சட்டகத்தோடு இணைப்பன நான்கு தண்டுகள். அவற்றின் நீளமும் சாய்வும் சரியாக அமையின், ஒரு சில்லு உயர மறுசில்லு தாழ, நான்கும் நிலத்தைப் பற்றிநிற்கும். அதிர்வுதாங்கிகளின் வில்லுகள் கடினமாயின் சில்லு தூக்கப்படும். மிக மென்மையாயின் வண்டி சரிவிற் சாய்ந்துவிடும். ரயரும் மென்மையான இறப்பராய், உள்ளே கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருள் அடைக்கப்பெற்றதாய் இருத்தல் நன்று. அது பாறையின் கூர்முனையைச் சூழ்ந்து படிந்து பற்றும்.

கையிலுள்ள செலுத்தியிலிருந்து புறப்படும் 2.4 கிகாஹேட்ஸ் அலை, வண்டியிலுள்ள வாங்கியை அடைந்து இரு கட்டளைகளாகப் பிரிகின்றது. ஒன்று மோட்டரின் வேகக் கட்டுப்படுத்திக்கு. மற்றது முன்சில்லுகளைத் திருப்பும் சேவோ என்னும் சிறு பொறிக்கு. இரு கற்களுக்கிடையில் அகப்பட்ட சில்லைத் திருப்பவேண்டியிருத்தலின் சேவோ வலியதாதல் வேண்டும். வேகக் கட்டுப்படுத்தி, விசையை விட்டவுடன் வண்டி சரிவில் உருளாது நிற்குமாறு தடுப்பிடும் இயல்புடையதாயிருத்தல் இன்றியமையாதது. இலிதியம் பொலிமர் மின்கலம் ஒவ்வொன்றும் நிறைவேற்றத்தில் 4.2 உவோற்று உடையது. 3 உவோற்றிற்குக் கீழ் இறங்கவிடின் கெடும். ஊதியதும் துளைபட்டதுமான கலம் தீப்பற்றக்கூடும். ஆதலின், மின்னேற்றுங்கால் எரியாத தளத்தில் வைத்து அருகே இருந்து கவனித்தல் மாணவர் கைக்கொள்ளவேண்டிய விதியாகும்.

வேலையின் ஒழுங்கும் கருதத்தக்கது. சட்டகமும் அச்சுக்களும் முதலில். மோட்டரும் மின்னுறுப்புக்களும் அடுத்து. மேற்கூடு இல்லாமலே பாறையிற் பலமுறை சோதித்தல் அதன்பின். வண்ணமும் அணிகளும் ஈற்றில். இவ்வொழுங்கை மாற்றி மேற்கூட்டை முதலிற் செய்து முடிப்பவர், வில்லு சுருங்கும்பொழுது ரயர் அதன் விளிம்பில் உரையக் கண்டு, தாம் வருந்திச் செய்ததைத் தாமே வெட்டியெறிய நேரும்.

இவ்வண்டியில் எதனையும் விலையின்றிப் பெறுதல் இயலாதென்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். வேகத்தைக் கொடுத்து முறுக்கத்தைப் பெறுகின்றோம். எளிதிற் றிரும்புதலைக் கொடுத்துப் பிடியைப் பெறுகின்றோம். அழகிற் சிறிதைக் கொடுத்து நிலைபேற்றைப் பெறுகின்றோம். எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்னும் தீர்ப்பைக் கடையில் வாங்கும் எப்பகுதியும் தாராது; அஃது அமைப்பவரின் அறிவிலிருந்தே வருதல் வேண்டும். அத்தீர்ப்புச் சரியா பிழையா என்பதைச் சொற்சாதுரியத்தால் மறைத்தலும் ஆகாது. பாறை உடனே காட்டிவிடும். திருப்பமும் உராய்வும் ஈர்ப்பு மையமும் பரீட்சைத் தாளில் விடையெழுதற்கு மட்டும் உரியனவென்று எண்ணும் மாணவன், ஒருமுறை இத்தகைய வண்டியொன்றைத் தன் கையால் அமைத்து ஒரு கல்லின்மேல் ஏற்றிப் பார்ப்பானாயின், அவை மூன்றும் அவனுக்கு என்றும் மறவா.