எண் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

இதயம் காப்போம் – 9

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள்.

160-ல் இருந்த எல்.டி.எல். 80-க்கு இறங்கியதும் பலரும் கேட்பது இதுதான்: “அதான் நார்மல் ஆயிடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?” அந்த 80, மாத்திரையால் வந்த 80. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும்.

கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். ஸ்டாட்டின் அந்த நொதியைத் தடுக்கிறது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் பங்கேற்றனர். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது.

இவ்வளவு பலன் தரும் மருந்தைப் பலர் பாதியில் விடக் காரணம், தசைவலி. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய்யல்ல, ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல. உண்மை தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

அதே நேரம், உண்மையான ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். இரு தொடைகளிலும் தோள்களிலும் கடும் வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது: இவை தசை சிதைவதன் அறிகுறிகள். மிக அரிதாகவே வரும். வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையோடு அதைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து பன்மடங்காக இருந்தது.

சேர்க்கைதான் இங்கே கவனிக்க வேண்டியது. படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல், நெஞ்சுச்சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் இரண்டும் அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தோல் மருத்துவரிடம் போனாலும், “கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மருந்து பல பிராண்டுகளில் வருகிறது. சர்க்கரை நோய் மருத்துவர் ஒரு பெயரில் எழுதுவார், இதய மருத்துவர் வேறு பெயரில் எழுதுவார். வீட்டில் இரண்டு அட்டையையும் எடுத்துப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்தால், இரண்டிலும் அடோர்வாஸ்டாட்டின் என்றே இருக்கும்! ஆஸ்பிரினோடு சேர்ந்து வரும் கேப்ஸ்யூலிலும் அது இருக்கலாம்.

ஆரம்பிக்கும் முன் கல்லீரல் பரிசோதனை அவசியம். மதுப்பழக்கம், தைராய்டு குறைவு, கர்ப்பத் திட்டம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை சிலருக்குச் சற்றே கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் வர வாய்ப்புள்ளவர்களுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது. சிம்வாஸ்டாட்டினை இரவில் எடுக்க வேண்டும். அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எந்த நேரமானாலும் சரி, தினமும் அதே நேரம் நல்லது. ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், ஸ்டாட்டின் அல்லாத எசெட்டிமைப் என்ற கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாம். இத்தனை வழி இருக்கும்போது, மருத்துவரிடம் சொல்லாமல் நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அடுத்த வாரம்: ட்ரைகிளிசரைடு ஏன் ஏறுகிறது?